மாமனாரின் ஸ்பானிஷ்

“தாமெலோ!” என்றார் மேலாளர், வாயெல்லாம் பல்லாக, மேஜையிலிருந்த பேப்பரைக் காட்டி.

மனைவி அதை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கவலையோடு கேட்டாள். “என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?”

“ஸ்பானிஷ்! ‘தா’ன்னா கொடு. ‘மெ’ன்னா எனக்கு. ‘லோ’ன்னா அதை. மூணு பெட்டி கோத்த ரயில் மாதிரி ஒரே வார்த்தை. நெருங்கினவங்ககிட்ட உரிமையா கேக்கறது.”

மேலாளர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். அவர் குரல் இன்னும் பெறவில்லை.

மகன் கட்டிக்கொண்ட ஸ்பானிஷ் பெண் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறாள். மகன் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டான்.

“அப்பா, உங்க அதட்டலைக் கேட்டு அவ முகம் சுருங்கிச்சுன்னா, அன்னிக்கே ஓட்டல்ல ரூம் போட்டுடுவேன்.”

மருமகள் ஓட்டலில் தங்கினால் சொந்தக்காரர்கள் முன்னால் தலைகாட்ட முடியுமா? அதனால்தான் கைபேசியில் இந்தப் பாடம்.

கண்ணாடி முன் நின்று கனிவாகச் சொல்லிப் பார்த்தார். பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவர் மாதிரி இருப்பதாக அவருக்கே தோன்றியது. ஒத்திகையை மனைவியிடம் மாற்றிக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் அவள் எதிரே உட்கார்ந்து, தம்ளரைக் காட்டி, “பாசமெலோ!” என்றார். “அதை எனக்கு நகர்த்துன்னு அர்த்தம்.”

“பரவாயில்லையே, இதுல பாசமெல்லாம் இருக்கே!” என்று நகர்த்தினாள்.

மருமகள் வந்தாள். மாமனாரின் முதல் ‘தாமெலோ’வுக்கே கைகொட்டிச் சிரித்தாள். உச்சரிப்பைத் திருத்தினாள். அவர் இன்னும் மோசமாகச் சொன்னார். ஓட்டல் பேச்சே எழவில்லை. கிளம்பும்போது அவரைக் கட்டிக்கொண்டு விடைபெற்றாள்.

மேலாளர் நாற்காலியில் சாய்ந்தார். தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்கக் கை எட்டவில்லை, அவ்வளவுதான் குறை.

“ஏய்! அந்தப் பேப்பரைக் கொண்டா!”

சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம்தான் கேட்டது.

“காதுல விழலையா? எவ்வளவு நேரம் கத்தறது?”

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெறுங்கையோடு வந்து நின்றாள்.

“ஸ்பானிஷ்ல கேளுங்க.”

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. “அடடே! என்கிட்ட கேட்டுக் கேட்டே உனக்கும் ஸ்பானிஷ் வந்துடுச்சா? நான் வாத்தியாராப் போயிருக்கணும்!”

“எனக்கு எங்கேங்க அதெல்லாம் ஏறுது?” என்றாள் மனைவி. “அந்த பாஷையில கேக்கும்போதுதான், நீங்க என் முகத்தைப் பாத்துக் கேக்கறீங்க.”