சொந்த ஆதாயம்

"இந்த விஷயத்தில் யாருக்காவது சொந்த ஆதாயம் இருந்தால் எழுந்து சொல்லலாம்" என்று படித்த மார்லிஸ், பதிலுக்குக் காத்திராமல் அடுத்த வரிக்குப் போனார்.

நூலக வாரியக் கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானத்துக்கு முன்பும் தலைவர் இதைக் கேட்டாக வேண்டும். ஆதாயம் உள்ளவர் வெளியே போய்விட வேண்டும், ஓட்டுப் போடக் கூடாது. தொண்டையைச் செருமிக்கொள்வது போல அது ஒரு சடங்காகிவிட்டது. மார்லிஸ் தலைவரானதிலிருந்து யாரும் எழுந்ததில்லை.

வெர்லின் ஹாகன் எழுந்தார்.

மார்லிஸ் தாளிலிருந்து தலையைத் தூக்கினார்.

குளிர்காலம் முழுக்க நூலகத்தைக் காலை எட்டு மணிக்கே திறக்க வேண்டும் என்பதுதான் தீர்மானம். தோற்றால் பழையபடி பத்து மணி. மின்னசோட்டாவின் ஜனவரியில், பள்ளிப் பேருந்துக்கு நிற்கும் பிள்ளைகள் பூட்டிய கதவோரம் கால் மாற்றி மாற்றிக் குதிப்பதைப் பார்த்துப் பார்த்து மார்லிஸ் கொண்டுவந்த தீர்மானம் அது. செயலாளர் லவோன் அவர் பக்கம். வெர்லினும் அவர் பக்கம்தான்.

எதிர்ப்பக்கம் லீராய். நாலு பேர் வந்து உட்காருவதற்காகக் கட்டடத்தைச் சூடாக்க இவ்வளவு எண்ணெய் எரிக்க வேண்டுமா என்பது அவர் கட்சி. அவருக்குப் பக்கத்தில் டுவேன். லீராய் தும்மினால் டுவேன் மூக்கைத் துடைத்துக்கொள்வார்.

ஆக மூன்றுக்கு இரண்டு என்று நிம்மதியாக வந்திருந்தார் மார்லிஸ். வெர்லின் வெளியே போனால் இரண்டுக்கு இரண்டு. சமமாக நின்றால் தீர்மானம் தோற்றதாகத்தான் அர்த்தம்.

"என்ன சார், லைப்ரரிக்கு எண்ணெய் சப்ளை நீங்கதானா? சொல்லவே இல்லையே!" என்று லீராய் சிரித்தார். லீராய்க்கே தலை நரைத்துவிட்டது. ஆனாலும் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவரை அவர் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்.

வெர்லினும் சிரித்தார். "அதெல்லாம் இல்லப்பா. ஆதாயம் இருக்கு, அவ்வளவுதான். நான் வெளிய ஹால்ல உக்காந்துக்கிறேன்."

மார்லிஸுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் எப்போதும் இப்படித்தான். ஒன்றுமில்லாததற்கெல்லாம் விதி பார்ப்பார். கேட்டால் ஏதாவது அற்பக் காரணம் சொல்வார், அதட்டி உட்கார வைத்துவிடலாம் என்று நினைத்தார்.

"காரணத்தைச் சொல்லணும், வெர்லின். லவோன் குறிப்புல எழுதியாகணும்."

வெர்லின் டையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார்.

"எட்டு மணிக்குத் திறந்தா, உள்ள வந்து வெந்நீர்ல முகம் கழுவி ஷேவ் பண்ணிக்கலாம். அக்டோபர்லேர்ந்து நான் கார்லதான் தூங்குறேன்."

வகுப்பில் விடை சொல்லும் அதே குரல். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

லவோனின் பேனா அப்படியே நின்றது.

மனைவியின் வைத்தியம் அவரை மொட்டையடித்துவிட்டது என்று மார்லிஸுக்குத் தெரியும். வீட்டை விற்றதும் தெரியும். "சின்னதா ஒரு இடம் பாத்துக்கிட்டேன்" என்று அவர் சொன்னபோது, நல்லதுதான், ஒண்டிக்கட்டைக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு என்று தானே சொன்னதும் இப்போது நினைவுக்கு வந்தது. எந்த இடம் என்று மார்லிஸ் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதை நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

பேசாமல் உட்கார்ந்து கையைத் தூக்கியிருந்தால் போதும். யாருக்குத் தெரிந்திருக்கும்? இப்போது சொல்லிவிட்டுப் போனதாலேயே அந்தக் கதவு அவருக்குப் பத்து மணிவரை திறக்காது.

மற்றவர்கள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓட்டுக்கு விடலாமா?" என்றார் மார்லிஸ்.

"இருங்க." லீராய் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். "எனக்கும் இதுல சொந்த விஷயம் ஒண்ணு இருக்கு."

விளையாடுகிறாரா என்று மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை.

"காரணம்?"

"அவர் வீட்டை வாங்கினவன் நான். வாங்கின நாள்லேர்ந்து சும்மா பூட்டித்தான் கெடக்கு." லவோன் பக்கம் திரும்பினார். "எழுதிக்குங்க."

ஊருக்கே தெரிந்த விஷயம்தான். மார்லிஸும் தினமும் அந்த இருட்டு ஜன்னல்களைத் தாண்டித்தான் கடைக்குப் போய்வருகிறார்.

லீராய் தொப்பியைக் கூட எடுக்காமல் வெளியே போனார்.

தீர்மானத்துக்கு ஆதரவாக மார்லிஸ் கையைத் தூக்கினார். லவோனும் தூக்கினார். டுவேன் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். அது காலியாக இருந்தது. கொஞ்ச நேரம் விழித்துவிட்டு அவரும் கையைத் தூக்கினார்.

தீர்மானம் நிறைவேறியது.

ஓட்டு முடிந்ததும் வெளியே போனவர்களை உடனே உள்ளே அழைக்க வேண்டும். அதுவும் விதிதான். லவோன் கதவுப் பக்கம் போக எழுந்தார்.

மார்லிஸ் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இரு லவோன், முதல்ல காபி ஊத்து. வெளிய ஒரே ஒரு பெஞ்சுதான் இருக்கு, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல உக்காந்துதான் ஆகணும்."