யாருடைய விரல்?

தன் விரலில் மாட்டிக்கொண்டு உறங்க வேண்டிய கருவியை, அவர் மனைவியின் விரலில் மாட்டிவிட்டார். வேலை போய்விடுமோ என்ற பயம். பயத்துக்கு ஏது நியாயம்?

பள்ளிப் பேருந்து ஓட்டுநர் அவர். சிக்னலில் நின்றபோது கண்ணயர்ந்து, பிள்ளைகள் கத்திய பிறகே விழித்தார். உறக்கத்தில் ரத்தத்தின் ஆக்சிஜன் குறைகிறதா என்று பார்த்த பிறகுதான் வண்டிச் சாவி என்றது நிர்வாகம்.

அவர் குறட்டைக்கு ஷெட்டில் 'ரயில் எஞ்சின்' என்று பெயர். மனைவியோ இருக்குமிடம் தெரியாமல் உறங்குபவள். ஆகவேதான் அந்தத் திருட்டுத்தனம்.

மறுநாள் டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். தம்பதியர் எதிரே.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு, டாக்டர்?"

"ஆரம்பத்துல நல்லாத்தான் இருக்கு. அப்புறம் பாருங்க." திரையிலிருந்த கோடு பள்ளம் பள்ளமாய் விழுந்து கிடந்தது. "தொண்ணூறுக்கு மேல இருக்கணும். எழுபதுக்கும் கீழ போயிருக்கு. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. இப்படியே விட்டா இதயத்துக்கு ஆபத்து."

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். இத்தனை வருஷமாக, பக்கத்திலேயே படுத்தும் தெரியாமல் போயிற்றே!

"குணமாகிற வரைக்கும் நீங்க வண்டியைத் தொடக்கூடாது."

"வண்டி கிடக்குது டாக்டர்! அது என் விரல் இல்ல. இவ விரல். வேலை போயிடும்னு பயந்து, இவ தூங்கறப்ப மாட்டிவிட்டேன்."

"என்னய்யா இது! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே?"

"அப்புறமா திட்டுங்க. முதல்ல இவளைக் காப்பாத்துங்க. இன்னைக்கே வைத்தியத்தை ஆரம்பிங்க!"

அவர் கையை மனைவி பற்றிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணுமில்லைங்க."

"டாக்டர் சொன்னது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சு. நீங்க மாட்டினப்ப நான் தூங்கவே இல்ல. நீங்க கண்ணசந்ததும் கழட்டி உங்க விரல்ல போட்டேன். விடியறதுக்குள்ள என் விரலுக்கு மாத்திக்கிட்டேன். அத்தனை பேர் பெத்த பிள்ளைங்க ஏறுற வண்டியாச்சே!"