கதவு வைத்த படகு

டிராம் கண்டக்டர் ஷரீஃபின் குரல் மந்தைவெளியில் பிரசித்தம். அவர் ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். அவருக்கு ஒரே ஒரு பைத்தியம்: கல்யாண முருங்கைக் கட்டையைக் குடைந்து முழ நீளத்துக்குப் பாய்மரப் படகு செய்வது. பாய் தைத்துக் கொடுப்பது மனைவி வஜீஹா.

1946-இல் செய்த படகில் சின்னதாக ஓர் அறையும் வைத்தார். ஆனால் சோம்பல்பட்டு, கதவை அறுக்காமல் மையால் வரைந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அடையாற்றில் விட்டபோது கட்டியிருந்த நூல் அறுந்து, படகு முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போய்விட்டது. அன்று ஷரீஃப் சோறு தின்னவில்லை.

அடுத்த ஞாயிறு படகு அதே கரையில் நின்றது. பாயில் ஒரு கிழிசல், அதற்கு ஒட்டும் போட்டிருந்தது. வஜீஹா அதைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இம்மாம் பொடித் தையல் என்னாலயே ஆவாதுங்க. இதுக்கு ஊசியே கிடையாது."

வரைந்த கதவைச் சுற்றிக் கடுகளவு நகக் கீறல்கள் இருந்தன.

"பாவம், வெளியிலயே படுத்துக்கினு இருந்துருக்காங்க. கதவைத் திறக்கிறாப்ல வைங்க."

ஷரீஃப் சிரித்தார். ஆனாலும் அன்றே கதவை அறுத்து, செம்புக் கம்பியில் கீல் வைத்தார். தாழ்ப்பாள் வைக்கவில்லை, அவ்வளவு சின்னதாகச் செய்ய அவரால் முடியாது. மறு ஞாயிறு வஜீஹாவே நூலை அவிழ்த்துப் படகை விட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு படகு திரும்பியிருந்தது. ஷரீஃப் நகத்தால் கதவை நெம்பிப் பார்த்தார். உள்ளே தாழ் போட்டிருந்தது.

"வஜீஹா!" என்று கத்தினார்.

அவள் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினாள்.

"மெள்ளங்க. தூங்கிக்கினு கீறாங்க."

ஷரீஃப் செருப்பைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். படகை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு, வீடு வரைக்கும் சத்தமில்லாமல் நடந்தார்.