மீசை வெளுத்த மருந்து

மாதையன் போட்ட சத்தத்தில் பெங்களூர் ஆஸ்பத்திரியின் நான்கு மாடியும் அதிர்ந்தன. ஐந்தாவது மாடி கட்டியிருந்தால் அதுவும் அதிர்ந்திருக்கும்.

“கால்ல கட்டின்னு வந்தவனுக்கு மீசையில சுண்ணாம்பு அடிச்சு வுட்டுட்டீங்களே டாக்டர்! புளி வாங்க வர்றவனெல்லாம் ‘வாங்க தாத்தா’ங்குறானுங்க!”

பாப்பிரெட்டிப்பட்டிப் புளி வியாபாரி அவர். மீசை கறுப்பாக இருந்த காலத்தில், அரூர் சந்தைக்கு முதலில் மீசை வரும், மாதையன் அரை மணி கழித்துத்தான் வருவார் என்பார்கள்.

டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தெரசாவுக்கு வயிறு எரிந்தது.

மீசைக்கா அழுகிறார் இந்த மனுஷன்?

இரண்டு பேருக்கும் ஒரே வியாதி. முட்டிச் சவ்வில் வளரும் கட்டி. லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகமாம். தர்மபுரி மாவட்டத்துக்கு மட்டும் ஆண்டவர் தாராளமாக இரண்டாக அனுப்பிவிட்டார். தெரசாவுக்கு இரண்டு முறை வெட்டி எடுத்தார்கள். இரண்டு முறையும் கோரைப் புல் மாதிரி முளைத்தது.

இப்போது புதிதாக ஒரு மாத்திரை. கட்டிக்கு ‘வளரு’ என்று போகும் உத்தரவை மட்டும் நடுவழியில் மறிக்குமாம். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. அதனால் பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே உறையில் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

தெரசாவுக்குத் தெரியும்.

அவள் இண்டூர்ப் பக்கம் அங்கன்வாடி டீச்சர். சர்க்கார் படிவங்களைப் படித்துப் படித்தே கண்ணாடி போட்டவள். கையெழுத்து வாங்கக் கொடுத்த இருபத்திரண்டு பக்கத்தையும் பூமியில் படித்த ஒரே ஜீவன் அவள்தான். பதினாறாம் பக்கத்தில் இருந்தது: நிஜ மருந்து சாப்பிடுகிறவர்களில் பலருக்கு முடி வெளுக்கும்.

நான்கு மாதத்தில் மாதையனின் மீசை பஞ்சு மிட்டாயாகிவிட்டது. முட்டியும் மடங்கிவிட்டது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து புளி நிறுக்கிறாராம்.

இவள் தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று சடையைப் பிரித்து ஒவ்வொரு முடியாகத் தேடினாள். ஒன்று? ஒன்றே ஒன்று? நாற்பத்தாறு வயதில் சனியன் பிடித்த தலை, மை மாதிரி இருந்தது. முட்டி பனங்காய் மாதிரி இருந்தது.

போன மாதம் அங்கன்வாடிப் பிள்ளை ஒன்று வாசல் தாண்டி ரோட்டுக்கு ஓடியது. எழுந்து பிடிக்க இவளால் முடியவில்லை. லாரிக்காரன் புண்ணியவான், பிரேக் போட்டான். அன்றிலிருந்து அவள் சரியாகத் தூங்கவில்லை.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சத்துமாவு கொடுக்கிறவளுக்கு இவர்கள் வெறும் மாவு கொடுக்கிறார்கள்!

“தங்கச்சி, பையக் கொஞ்சம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுத்தான் மாதையன் சண்டைக்கு உள்ளே போயிருந்தார். இந்த மாதத்துக்கான மாத்திரை பாட்டில் அதற்குள் இருந்தது. இவளுக்கும் ஒன்று கொடுத்திருந்தார்கள். மேலே ஒட்டியிருந்த நோயாளி நம்பரைத் தவிர, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பாட்டிலும் ஒன்றுபோலவே இருந்தன.

தெரசா பார்த்துக்கொண்டாள். இந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டாள், அந்தப் பக்கமும் பார்த்துக்கொண்டாள்.

அவர் பாட்டில் இவள் பைக்குள் வந்தது. இவள் பாட்டில் அவர் பைக்குள் போனது.

ஒரு பிள்ளைக்கு முட்டை, பக்கத்துப் பிள்ளைக்கு ஓடு என்று அவள் ஒரு நாளும் பரிமாறியதில்லை. இது திருட்டு இல்லை, நியாயம் என்று மூன்று தரம் சொல்லிக்கொண்டாள். முதல் இரண்டு தரம் சரியாக ஒட்டவில்லை.

திரும்பும் பஸ்ஸிலும் மீசைப் புலம்பல் ஓயவில்லை. ஓசூர் போனது, சூளகிரி போனது, மீசை போகவில்லை. கிருஷ்ணகிரி டோல்கேட்டில் தெரசாவுக்குப் பொறுமை அறுந்தது.

“அண்ணா, நிறுத்துங்க! மீச வெளுத்தவங்களுக்குத்தான் நெச மருந்து போவுது. என் தலையப் பாருங்க, காக்கா மாதிரி. நாலு மாசமா எனக்கு மாவு குடுத்து அனுப்புறாங்க!”

மாதையன் அவள் தலையைப் பார்த்தார். முட்டியைப் பார்த்தார்.

“அட அநியாயமே” என்றார். பிறந்ததிலிருந்து அவர் மெதுவாகச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கண் அவள் முட்டியை விட்டு நகரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தெரசா தூங்குவதுபோல் கண்ணை மூடினாள். காவேரிப்பட்டணம் வருவதற்குள் நிஜமாகவே தூங்கிப்போனாள்.

தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் பாப்பிரெட்டிப்பட்டி வண்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது. மாதையன் இருபது வயசுப் பையன் மாதிரி ஓடித் தொற்றிக்கொண்டார். படியில் நின்றபடி கத்தினார்.

“மீச கறுத்தா எனக்கு லாபம்! முட்டி மடங்குனதும் போன் பண்ணு தங்கச்சி!”

என்ன சொல்கிறார் இவர்? தெரசா பையைத் திறந்தாள்.

பாட்டிலின் மேல் ஒட்டியிருந்தது அவளுடைய நம்பர்.

அவள் தூங்கும்போது மனுஷன் மாற்றி வைத்திருக்கிறார். தன் மருந்தை அவளுக்குக் கொடுப்பதாக நினைத்து, நம்பரைப் பார்க்காமல்.

வண்டி ஸ்டாண்டை விட்டு வளைந்தது. முப்பது பிள்ளைகளை ஒரே அதட்டில் உட்காரவைக்கும் தொண்டை அவளுடையது. ஒரு குரல் கொடுத்தால் போதும், டிரைவர் நிறுத்திவிடுவான்.

வாயைத் திறந்தாள்.

என்னவென்று சொல்லிக் கூப்பிடுவது?