எண்ணும் கேமரா

கடலுக்கும் எங்கள் வீட்டு மதிலுக்கும் நாற்பதடிதான் இருக்கும். அதனால் எங்கள் சூர் நகரக் கடைத்தெருவில் கேமரா விற்கும் முஹன்னா, எஃகு உடம்புள்ள ஒன்றை எடுத்து வைத்தான்.

“உப்புக் காத்துல என் மாமியார் நாக்கைத் தவிர எல்லாம் துருப்பிடிச்சுரும், அண்ணே. இதுக்கு ஒண்ணும் ஆகாது. உள்ள போறவங்க, வெளிய வர்றவங்களை எண்ணும். வாசல்ல ஆள் நின்னா போன் அடிக்கும், அதுலயே பேசலாம். ஒரு வாரம் மாட்டிப் பாருங்க.”

வாசலில் மாட்டிய மறுநாள் மதியம் போன் அடித்தது. என் மனைவி ரய்யா மீன் சோற்றில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தாள். எங்கள் ஊரில் வந்தவர் யாரென்று கேட்டுவிட்டு உள்ளே அழைப்பது மரியாதையில்லை. அவளும் திரையைப் பார்க்காமலே, “வாங்க, வாங்க, கதவு திறந்துதான் இருக்கு” என்றாள்.

நான் பார்த்தேன். வாசலில் மணல் மட்டும் தெரிந்தது. ‘உள்ளே: 2’ என்றிருந்தது ‘உள்ளே: 3’ ஆனது.

மூன்று நாளாகியும் அது குறையவில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். முஹன்னா என் போனை வாங்கிப் பார்த்தான்.

“உள்ள ஒண்ணுன்னு காட்டுது. நீங்க ரெண்டு பேரும் இங்க நிக்கிறீங்க. வீட்ல யாரு?”

“யாருமில்ல.”

“அப்ப கண்ணாடியில உப்பு படிஞ்சிருக்கும். இதே மாதிரி வேற தர்றேன்.”

“எண்ணாததா ஒண்ணு குடு தம்பி,” என்றாள் ரய்யா.

அதை வாங்கிக்கொண்டு திரும்பினோம். ரய்யா சாவியைப் பூட்டில் வைப்பதற்குள் உள்ளிருந்து குரல் வந்தது, சோறு எடுத்து வைத்துக்கொண்டே விருந்தாளியை அழைப்பதுபோல.

“வாங்க, வாங்க, கதவு திறந்துதான் இருக்கு.”