கை தூக்கச் சொன்ன வக்கீல்

"என்னை மாதிரி ஆளுங்களைக் கண்டாலே எரிச்சல் வருதுன்னு சொல்றவங்க, வெக்கப்படாம கை தூக்குங்க" என்றார் வக்கீல் ராய்ஸ் கெல்லம்.

சும்மா சொல்லக்கூடாது, மனிதருக்குத் தைரியம்தான். மிசிசிப்பியில், அதுவும் பைன் மரம் அறுத்துப் பிழைக்கிற இந்த ஊரில், ஒரு வக்கீல் கேட்கிற கேள்வியா இது?

"ரெண்டு கையையும் தூக்கலாமா, சார்?" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

கோர்ட்டே சிரித்தது. நீதிபதிகூட வாயைத் துடைக்கிற சாக்கில் குனிந்து சிரித்துக்கொண்டார்.

வக்கீலுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த டெல்மர் ப்ரூயிட்டும் சிரித்துவிட்டான். வழக்குப் போட்டிருப்பதே அவன்தான். இருந்தாலும் என்ன செய்வது, சிரிப்பு வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு முன்பு வரை இந்த மாதிரி நக்கலை ஊரில் முதலில் அடிக்கிற ஆள் அவன்தானே.

காலையில் போட்ட வலி மாத்திரை கண்ணைச் சொக்க வைத்தது. மேலே மின்விசிறி அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. உயரமான ஜன்னல்கள் வழியே வெயில் சாய்ந்து விழுந்ததில், எதிரே இருந்த அறுபது பேரும் குளத்துத் தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் தெரிந்தார்கள். எல்லாம் பழகிய முகங்கள். முடி வெட்டுகிறவர், தபால்காரர், கோழிப்பண்ணைக்காரரும் அவர் மனைவியும்.

இவர்களிலிருந்து தீர்ப்புச் சொல்லும் ஜூரிக்குப் பன்னிரண்டு பேரைப் பொறுக்கி எடுப்பார்கள். ரம்பத்துக்கு மூடி வைக்காமல் ஆலைக்கு விற்ற கம்பெனியின் மேல் தப்பு உண்டா இல்லையா என்று அந்தப் பன்னிரண்டு பேர்தான் சொல்ல வேண்டும். இல்லை என்று சொல்லிவிட்டால் டெல்மருக்கு வீடும் போய்விடும். ஆலையில் வேலை போய் ஒன்றரை வருடம் ஆகிறது.

"நீங்க வாயே திறக்க வேணாம்" என்று வக்கீல் முன்பே சொல்லி வைத்திருந்தார். "உங்க வலது பக்கம் சுவரோரமா இருக்கட்டும். இன்னிக்கே காட்டினா, நாடகம் போடறாங்கம்பானுங்க."

அப்படியே உட்கார்ந்திருந்தான்.

மூன்றாவது வரிசையின் ஓரத்தில் ஓடெஸா அக்கா உட்கார்ந்திருந்தார். முழங்கால்களுக்கு நடுவே கைத்தடி. அதன் மேல் இரண்டு கைகளும்.

மூன்று வருடத்துக்கு முந்திய கோடை. நஷ்டஈட்டு வழக்குகளுக்கு வரம்பு கட்டச் சட்டம் வேண்டும் என்று ஊரே கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. வக்கீல்கள் கொழுக்கிறார்கள், ஆலைகள் பூட்டிக்கொண்டு போகின்றன என்று பேச்சு. டெல்மர் தன் கையாலேயே முப்பத்திரண்டு வீட்டு வாசல்களில் அந்தச் சட்டத்துக்கு ஆதரவு கேட்கிற பலகையை அடித்து நட்டான். அந்தக் கோடையில்தான் ஓடெஸா அக்கா ஒரு கடையின் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, வழக்குப் போட்டிருந்தார்.

சர்ச் வாசலில் கெளுத்தி மீன் பொரித்துப் பரிமாறிய மத்தியானம், அத்தனை பேர் முன்னால் கேட்டான்: "ஓடெஸா அக்கா, அந்தக் கடையில எந்த இடம் நல்லா வழுக்கும்? சொன்னா நானும் போய் விழுவேன்ல!"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்கா தட்டை வைத்துவிட்டுப் போனார். அடுத்த வாரமே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டார். நடை அதற்குப் பிறகு நேராகவே இல்லை.

"சரி, இதுக்கு உண்மையைச் சொல்லுங்க" என்றார் கெல்லம். சிரிப்பு அடங்கியது. "கேஸ் போடறவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பேராசை பிடிச்சவங்கன்னு நினைக்கிறவங்க, கை தூக்குங்க."

முதலில் ஒரு கை. பிறகு நாலு. பிறகு வரிசை வரிசையாக. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டு ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு தூக்குவார்களே, அப்படி மெதுவாக, சத்தமே இல்லாமல் எழுந்தன.

கெல்லத்தின் பென்சில் நின்றுவிட்டது. ஒன்றிரண்டு பேர் என்றால் வேண்டாமென்று கழித்துவிடலாம். எல்லோரையும் கழித்துவிட்டு யாரை வைத்து வழக்கு நடத்துவது?

ஓடெஸா அக்காவின் கைகள் மட்டும் தடியைவிட்டு அசையவில்லை.

அப்போதுதான் டெல்மருக்கு உறைத்தது. அவனுடைய வலது கையும் மேலே போயிருந்தது.

ஐயோ, என்ன காரியம் இது! விரல்கள் விரிந்திருப்பது தெரிந்தது. உள்ளங்கையில் மின்விசிறிக் காற்று குளிர்ந்தது. சுத்தியல் பிடித்துக் காய்த்த இடம்கூட அப்படியே இருந்தது. இறக்கு, இறக்கு என்று பல்லைக் கடித்தான். கை கேட்கவில்லை. இத்தனை வருடம் நம்பியதை அது மட்டும் எப்படி விட்டுவிடும்? இடது கையால் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டான். யாராவது பார்த்தால் இன்றோடு வழக்கு முடிந்தது.

கெல்லம் திரும்பி அவனைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தாளைப் புரட்டினார். நீதிபதியும் பார்த்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஓடெஸா அக்கா மட்டும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுடைய வலது தோளுக்கு மேலே, கை நின்றுகொண்டிருந்த அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிரசங்கத்துக்கு நடுவில் சேட்டை பண்ணுகிற பிள்ளையை அடக்குவதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். உதடு மட்டும் அசைந்தது.

"இறக்குப்பா."

டெல்மரின் கண் நிறைந்துவிட்டது.

கை இறங்கியது. மெதுவாக இறங்கி, முழங்கைக்கு மேலே மடித்து ஊக்குக் குத்தியிருந்த காலிக் கோட்டுக்கைக்குள் போய் அடங்கியது.