வெளியே பழையது

பைத்தான் என்ற நிரல்மொழியின் பழைய பதிப்பை நம்பித்தான் அந்த அலுவலகமே ஓடியது. அதைத் தொடாமல் புதிய பதிப்பை நிறுவிப் பார்க்க, கணினிக்குள் அவன் ஒரு தனிச் சூழலை உருவாக்கினான். உள்ளே எதை மாற்றினாலும் வெளியே பழையது தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

"முடிஞ்சதும் அதை விட்டு வெளியே வந்துடுப்பா. வழக்கமா மறந்துட்டு அப்புறம் திருதிருன்னு முழிப்பே," என்றார் பக்கத்து மேசைக்காரர், பையை மாட்டிக்கொண்டே. அவர்தான் கடைசியாகக் கிளம்பினார்.

நிறுவல் முடிந்தது. வெளியேறும் கட்டளையை அடித்தான். உள்ளே இருக்கும்வரை திரையின் ஓரத்தில் தெரியும் சூழலின் பெயர் மறையவில்லை. மறுபடி அடித்தான். மறையவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தான். வெளிச்சம் இருக்கும்போதே வந்து சைக்கிள் கற்றுத்தருவதாக மகளிடம் சொல்லியிருந்தான்.

வாசலில் அடையாள அட்டையைக் காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. மறுபடி காட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கைப்பிடியை இழுத்துப் பிடித்தபடி மனைவியை அழைத்தான்.

"ஏங்க, ஒரு கையால சைக்கிள் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையால எனக்கு ஃபோனா? நல்ல ஆளுங்க நீங்க!" அவள் சிரித்தாள். "குழந்தையைப் பார்த்து ஓடுங்க, விழுந்துடப்போறா."

அவளுக்குப் பின்னால் தெருவில் சைக்கிள் மணி கேட்டது.

"அப்பா, விட்டுடாதீங்கப்பா!"

"விடலடா கண்ணு, பிடிச்சுட்டுதான் இருக்கேன்."

அது அவனுடைய குரல். கொஞ்சம் மூச்சு வாங்கியது.

கதவின் கைப்பிடியை அவன் இன்னும் விடவில்லை.